பெருசு டீமுக்குப் பார்த்துச் சொன்னவர்

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "இன்னாடா கண்டக்டரு, என் பேரைப் போட்டு கதை கட்டுறியா" என்று வீட்டுக்கே வந்து நிற்பார். வந்தால் டீ குடிக்காமல் போகமாட்டார். குடித்துக்கொண்டே என் வீட்டுக்காரியோடு சேர்ந்து என்னைத் திட்டுவார். அந்த வம்பு எனக்கு எதற்கு?

நான் அப்போது பாண்டிச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கிரிக்கெட் பைத்தியம். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஜாதி. அந்த வருஷம் கிரிக்கெட்டில் கேப்டன் விவகாரம் ஊரெல்லாம் நாறிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பற்றிப் பேச வாய் துறுதுறுவென்று இருக்கும். ஆனால் மாலை மூன்றரை மணி சிங்கிள் டிரிப்பில் என் வாயை யாரும் திறக்க விடமாட்டார்கள். அந்த வண்டியில் பேஸ்பால்தான் பேசுவார்கள். மரக்காணத்து ஜனங்கள் பேஸ்பால் பேசினார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், நான் டிக்கெட் கிழித்த வண்டி அது.

எல்லாவற்றுக்கும் காரணம் அக்காதான். ஆரோவில்லில் ஒரு வயதான அமெரிக்கர் வீட்டில் அவருக்கு வேலை. பெருக்குவது, சமைப்பது, துணி துவைப்பது. அவரை அக்கா "எங்க பெருசு" என்பார். பெருசின் ஊரில் ராத்திரி ஆடுகிற ஆட்டம் நமக்குக் காலை ஏழரைக்கு மேல் கம்ப்யூட்டரில் வரும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம், அதில் படம் நின்று நின்று ஓடும். பெருசுக்கு ஒரு வியாதி இருந்தது. தன் டீம் ஜெயிக்கிற மாதிரி இருந்தால் அவரால் பார்க்க முடியாது. தான் பார்த்தால் தோற்றுவிடும் என்று நம்பினார். எழுந்து தோட்டத்துக்குப் போய் முந்திரி மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். யாராவது பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும். அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்.

"போச்சு பெருசு, உள்ள வா" என்று கத்தினால் தோல்வி. "நில்லு, அங்கயே நில்லு" என்றால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. பெருசுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான், மற்றதெல்லாம் கை ஜாடையும் ஓட்டை இங்கிலீஷும் என்று அக்கா சொல்வார். இப்படி இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் அக்காவுக்கு ஆட்டம் பிடிபட்டது. ஒருத்தன் எறிவான், ஒருத்தன் கட்டையால் அடிப்பான், அடித்தவன் நாலு மூலையையும் சுற்றி ஓடிவந்து கடைசி மூலையைத் தொட்டால் ஒரு ரன். அதற்குள் பந்தைப் பிடித்தவன் அவனைத் தொட்டுவிட்டால் அவுட். எனக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான், இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.

பொம்மையார்பாளையத்தில் அக்கா ஏறியதுமே ஆரம்பித்துவிடும். ஊதுபத்தி கம்பெனியில் வேலை பார்க்கும் சரோஜா இடம் பிடித்து வைத்திருப்பாள். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே டிரைவர் அண்ணன் கேட்பார்.

"இன்னாச்சு நம்ம டீமு?"

ஜெயித்தால் நம்ம டீம். தோற்றால் பெருசு டீம்.

ஆட்டத்தைவிட வம்புதான் எங்களுக்கு ருசி. சீசன் நடுவில் பெருசு டீமின் ஒரு தாடிக்காரனை வேறு டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனைக் கேட்கக்கூட இல்லையாம். டிரைவர் அண்ணனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னா மாட்டுச் சந்தையா? புடிச்சு ஓட்டிக்கினு போறதுக்கு" என்று காலாப்பட்டு வரை பொருமினார். சரோஜா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. உப்பளத்தில் நடக்காததா இது என்றாள். ஒரு பாத்திக்காரரிடம் இருப்பவர்கள் நடுவில் இன்னொருவரிடம் போவார்கள், மழை விழுந்து வேலை நின்றதும் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள். தாடிக்காரனும் ஐப்பசி மழைக்குத் திரும்பிவிடுவான் என்று அடித்துச் சொன்னாள். வண்டியில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டோம். அந்த ஆட்டமும் உப்பு மாதிரியே கோடையில் களைகட்டி மழையோடு முடிகிறதுதானே. அக்கா இதைப் பெருசிடம் போய்ச் சொல்ல, அவர் அன்று சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாராம். தாடிக்காரன் வரவேயில்லை. சரோஜா அடுத்த வருஷமும் அவனைத்தான் விசாரித்தாள்.

இன்னொருத்தன் ஊசி போட்டு உடம்பை ஏற்றிக்கொண்டான் என்று செய்தி வந்தது. மாட்டுக்கு ஊசி போட்டுப் பால் கறக்கிற ஆட்களை எங்களுக்குத் தெரியும். அதனால் அவனைத் தூக்கிலே போடுகிற அளவுக்குப் பேசினோம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் ஊசி போட்டத நீ பார்த்தியா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப டிக்கெட்டக் குடு" என்றார்.

அதுதான் அக்கா. தான் பார்த்ததைச் சொல்வார். கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும், பார்க்கப் பயந்தவர்கள் அக்காவைத்தான் அனுப்புவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று டிரைவர் அண்ணனின் மகள் ஸ்கூல் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்று அழுதாள். அக்கா நம்பரைக் கேட்டுக்கொண்டு போனார். போர்டில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று தேடினார். திரும்பி வந்து, "கணக்குல போயிடுச்சு. மத்ததெல்லாம் பாஸ். அக்டோபர்ல எழுதிக்கலாம், வா போண்டா சாப்பிடலாம்" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே இரண்டு போண்டா சாப்பிட்டாளாம்.

என் கதையும் உண்டு. பெருமுக்கல்லில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பஸ்ஸில் அத்தனை பேரையும் அதட்டுகிற எனக்கு அங்கே தலையே நிமிரவில்லை. கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே போய்ப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். திரும்பி வரும்போது கேட்டேன்.

"எப்படிக்கா இருக்குது பொண்ணு?"

"பல்லு லேசா எத்தல். சிரிச்சா அழகா இருக்குது. உங்கூட வந்தா சிரிப்பாளான்னுதான் தெரியல."

அந்த ஆவணியிலேயே எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பல்லை நான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கடல் உள்ளே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரோஜாவின் தம்பி காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். வெளியே நின்ற கூட்டத்தில் பாதிப் பேருக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. அக்கா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் அடையாளம் கேட்டுக் கேட்டு உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். சிலரிடம் "இங்க இல்ல, வேற எடத்துல தேடு" என்றார். சரோஜாவிடம் "உன் தம்பிதான்" என்றார். முகத்தை மூடித் துணி சுற்றிய தம்பியைத்தான் சரோஜா வாங்கினாள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் தடுத்துவிட்டார்கள். அக்காவின் சொல்லை நம்பித்தான் அவனைப் புதைத்தார்கள். அதைப் பற்றி அக்கா அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அக்காவுக்கு அப்போதே கண் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து உப்பு வாரியவர். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பலருக்கும் கண் கெடும், இவருக்குச் சீக்கிரமே கெட்டது. எங்களுக்குத் தெரியாது. பெருசுக்கும் தெரியாது. படியில் கால் வைக்குமுன் அக்கா கம்பியைத் தடவுவார். வயசாகிறது என்று நினைத்து நான் கை கொடுப்பேன். கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போகும் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், அதன் பிறகு யாரும் எதையும் பார்த்துச் சொல்லக் கூப்பிடமாட்டார்கள் என்பது. இது பின்னால் அக்காவே சொன்னது.

கடல் வந்ததற்கு அடுத்த செப்டம்பரில் வினை வந்தது. பெருசு டீமுக்கும் ஒரு பணக்கார டீமுக்கும் ஆட்டம். தோற்றால் அந்த வருஷம் அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியில் நம் ஆள் ஒருத்தன் கடைசி மூலைக்குச் சறுக்கிக்கொண்டு வந்தான். காலும் பந்தும் ஒன்றாக வந்தன. அம்பயர் அவுட் என்று கையைக் காட்டினான். பெருசு வழக்கம்போல முந்திரி மரத்தடியில் நின்றிருந்தார். அக்கா ஓடிப்போய்ச் சொன்னது இதுதான்:

"கால் முதல்ல தொட்டுடுச்சு பெருசு. நான் பார்த்தேன். அநியாயமா அவுட்டு குடுத்துட்டான்."

பெருசு கோபத்தில் அவர்கள் ஊர் பேஸ்பால் ஆபீசுக்கு ஒரு மெயில் எழுதினார். எங்கள் பஸ் ஒரு வாரம் கொதித்தது. பின்படிக் கதவு ஒன்று சரியாகச் சாத்தாது, நினைத்தபோது திறந்துகொள்ளும். டிரைவர் அண்ணன் அதற்கு அம்பயர் என்று பெயர் வைத்தார். "ஏம்பா, அந்த அம்பயர இழுத்துச் சாத்து" என்று அவர் கத்தும்போதெல்லாம் வண்டியே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார்.

பாய் என்று ஒருத்தர் எங்களோடு வருவார். கோட்டக்குப்பத்தில் பிறந்து கூனிமேட்டில் பெண் எடுத்தவர். கத்தாரில் ஒரு கேம்ப் கேன்டீனில் இருந்தபோது அமெரிக்கர்களோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. அவருடைய அண்ணன் மகன் கோட்டக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஒரு வாரம் கழித்து பாய் அங்கே உட்கார்ந்து அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். மாலை வண்டியில் ஏறியதும் நேராக அக்காவிடம் போனார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அது அவுட்டுதான். கால் வர்றதுக்கு முன்னாடி பந்து புடிச்சவன் தொட்டுட்டான். நல்லாத் தெரியுது."

"நான் பார்த்தேன் பாய்."

"நானும்தான்க்கா பார்த்தேன். என் புள்ளைங்க மேல ஆணையா சொல்றேன். நீங்க நெசமாவே பார்த்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "யோவ் பாய், உன் எடத்துல போய் உக்காரு" என்று சத்தம் போட்டேன். ஆனால் அக்கா ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது எனக்கும் உறுத்தியது. அக்கா வாயை மூடி நான் பார்த்ததேயில்லை.

அடுத்த நாள் அக்கா ஏறியபோது டிரைவர் அண்ணன் "இன்னாச்சு" என்று கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டம் நிறைந்த வண்டி அப்படி அமைதியாக ஓடியதில்லை. என் விசில் சத்தமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் சரோஜா பேசினாள். மெதுவாகத்தான் கேட்டாள். பக்கத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத."

"கேளு."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன் தம்பிதான்னு சொன்னியே. அது அவன்தானாக்கா?"

டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்தினார். ஒரு மேட்சில் போன வார்த்தை எங்கே போய் நிற்கிறது பாருங்கள். சரோஜாவுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. புதைத்தது யாரையோ என்றால், தம்பி எங்கே கிடக்கிறான் என்று அவள் இனி எந்தக் கடலிடம் போய்க் கேட்பாள்?

அக்கா சரோஜாவின் கையைத் தேடிப் பிடித்தார். தேடித்தான் பிடித்தார், அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"மேட்ச நான் பார்க்கல சரோஜா. எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமா புகை போட்டா மாதிரி இருக்குது. ஜனங்க கத்துன சத்தத்த வச்சு தொட்டுட்டான்னு சொன்னேன். பார்த்தேன்னு சொன்னது பொய். பாய் சொல்றதுதான் சரியா இருக்கும்."

அக்கா நிறுத்தாமல் சொன்னார்.

"ஆனா உன் தம்பிய நான் கண்ண நம்பி சொல்லல. அப்பவே பாதி மங்கல். அதனால கையால பார்த்தேன். கால் கட்டைவெரல்ல நகம் ரெண்டா பொளந்திருக்கும்னு சொன்னியே, அதத் தடவிப் பார்த்தேன். காதுக்குப் பின்னாடி தழும்புன்னு சொன்ன, அதையும் தடவினேன். வெளிய உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி பயமாயிடுச்சு. திரும்பிப் போய் இன்னொரு தடவ தொட்டுட்டு வந்துதான் சொன்னேன். அவன்தான். நீ பொதச்சது உன் தம்பியத்தான்."

சரோஜா அக்காவின் அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அனுமந்தை ஸ்டாப் வந்தது, நான் விசில் கொடுக்க மறந்துவிட்டேன். இறங்க வேண்டியவர்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தார்கள்.

அதற்குப் பிறகு அக்காவை நாங்கள் விடவில்லை. திண்டிவனத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருப்பதாக டிரைவர் அண்ணன் விசாரித்து வந்தார். புரை நன்றாக முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் தெரியும் என்றார்கள். பெருசிடமும் அக்கா தானே உண்மையைச் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு போனவருக்கு அவர் டீ போட்டுக் கொடுத்தாராம். தான் மரத்தடியில் நின்றுகொண்டு இன்னொருத்தரைப் பார்க்கச் சொன்னதுதான் தப்பு என்றாராம். அப்படியும் அடுத்த ஆட்டத்துக்கு அவர் மரத்தடிக்குத்தான் போனார்.

மழைக்காலத்தில் ஒரு கண், பொங்கல் கழிந்து இன்னொரு கண். கட்டுப் பிரித்த அன்று சரோஜாதான் கூட இருந்தாள். அக்கா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "இன்னாடி சரோஜா, இப்படி நரைச்சுப் போயிட்ட." சரோஜா அதை வண்டியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் வந்தது ஒன்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிய அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "மாப்புள்ளைக்கு நல்லா தொப்ப போட்டிருக்குதே, பொண்ணு நல்லா சமைக்குறா போல" என்றார்.

அக்கா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் வாரம். உப்பளத்துப் பாத்திகளில் மழைத்தண்ணீரை இறைத்துவிட்டுத் தரையைப் புதுசாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். பேஸ்பால் ஆரம்பிக்க இன்னும் நாள் இருந்தது. வண்டியில் நான் ஆசை தீரக் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தேன். பொம்மையார்பாளையத்தில் ஏறிய அக்கா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"இன்னைக்குப் பெருச போடச் சொல்லி அந்த எடத்தப் பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். அது அவுட்டுதான். அம்பயர் சரியாத்தான் சொன்னான். பெருசு, அன்னைக்கு மெயில் எழுதுனியே, இன்னொண்ணு எழுது, தப்பு எங்களுதுன்னு எழுதுன்னு சொல்லி எழுத வச்சிட்டுத்தான் வந்தேன்."

யார் இதைக் கேட்டார்கள்? ஆட்டம் முடிந்து, சீசன் முடிந்து, எல்லோரும் மறந்துபோன விஷயம். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். சரோஜா, "உக்காருக்கா, வண்டி ஆடுது" என்றாள். அக்கா உட்காராமல் பாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாய்க்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனுஷர் அவர். ஜெயித்தது தான் என்று தெரிந்தும் கையைப் பிசைந்தார்.

"விடுங்கக்கா. நானும் மறுபடி யோசிச்சுப் பார்த்தேன். எனக்கும் இப்ப சந்தேகமாத்தான் இருக்குது. கால் தொட்டா மாதிரியும் தெரியுது."

"பாய்."

"இன்னாக்கா?"

"எனக்காக ஆட்டத்த மாத்தாத. நீ இன்னா பார்த்த?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். சின்னக் குரலில் சொன்னார்.

"அவுட்டுதான்க்கா."

"ம்" என்று அக்கா உட்கார்ந்தார். நான் விசில் கொடுத்தேன், வண்டி கிளம்பியது.